மெருகுத் தொட்டிக்கு வந்த தம்பி

மைத்துனன் ஆரன் கப்பலேறிவிட்டான் என்று தெரிந்த நாள் முதல் கெசயா டாம்ஸுக்குச் சரியான தூக்கம் இல்லை. வரச் சொன்னது அவள் கணவன் ஏனோக். இங்கிலாந்தில் பர்ஸ்லத்தை விட்டு அமெரிக்காவில் ஓஹியோ ஆற்றங்கரையிலுள்ள ஈஸ்ட் லிவர்பூலுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அவன் தம்பிக்கு எழுதிக்கொண்டே இருந்தான். இங்கே தினமும் இறைச்சி சாப்பிடுகிறோம், களிமண்ணை அச்சில் அழுத்தும் வேலைக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறார்கள், நீ வந்தால் போதும் என்று. கடைசியாக அழைத்தது போன வசந்தத்தில். கோடை முடிவதற்குள் ஏனோக்கின் இரண்டு மணிக்கட்டுகளும் செயலிழந்து தொங்கிவிட்டன.

ஏனோக் பீங்கான் ஆலையில் மெருகுத் தொட்டிக்காரன். ஒருமுறை சுட்ட தட்டையும் கிண்ணத்தையும் காரீயத்தின் வெள்ளைப் பொடி கரைத்த தொட்டியில் முக்கி, ஒரு சொட்டுகூடத் தேங்காமல் சுழற்றி எடுக்க வேண்டும். மறுபடி சூளைக்குப் போய் வந்தால் கண்ணாடி மாதிரி மின்னும். அவன் அப்பாவும் பர்ஸ்லத்தில் இதே வேலை பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே செத்தவர். கெசயாவும் வந்த புதிதில் அதே அறையில் உட்கார்ந்து, தட்டில் காய்ந்து ஒட்டிய மிச்ச மெருகைத் தூரிகையால் தட்டிவிட்டவள்தான். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. ஆற்றுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தில். தூரிகை பிடித்த மற்றப் பெண்களுக்கும் அதே கதி என்று தெரிந்ததும் அவள் அந்த வேலைக்கு முழுக்குப் போட்டாள். அதன்பிறகும் மடி நிறையவில்லை.

ரயில் நிலையத்தில் ஆரன் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். ஏனோக் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. கெசயா முந்திக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வீட்டில் இறைச்சியை அடுக்களையிலேயே சின்னச் சின்னதாக நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். ஆனாலும் தேநீர்க் கிண்ணம் நழுவி ஏனோக்கின் மடியில் கொட்டியது. வெறும் வாதம்தான், குளிர் போனால் சரியாகிவிடும் என்றான் அவன். ஆரன் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மேஸ்திரி ரிக்பி வீட்டுக்கே வந்தார். அச்சு அறையில் இடமில்லை, வசந்தம் வரைக்கும் வராது என்றார்.

"தொட்டி ஒண்ணு காலியா கெடக்கு. உங்கண்ணன் நின்ன தொட்டிதான். நாளைக்கு வந்துடு. இல்லைன்னா லாங்டன் ஊர்லேர்ந்து வந்தவன் ஒருத்தன் தெனமும் வாசல்ல வந்து நிக்கிறான்."

அன்று மாலை நிலக்கரி அள்ளப்போன ஆரனைக் கெசயா கொல்லைப்புறத்தில் மறித்தாள்.

"உங்கண்ணனுக்கு வாதம் இல்ல, ஆரன். ஈயம். உங்கப்பாவுக்கு வந்ததும் அதுதான். நீ அந்தத் தொட்டிகிட்ட போகாத."

ஆரன் கூடையைக் கீழே வைத்தான். "அச்சு வேலைன்னு சொல்லித்தானே அண்ணி கூப்பிட்டாரு? இருந்ததெல்லாம் வித்துட்டு வந்திருக்கேன். எலனும் புள்ளைங்களும் அவ அம்மா வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்காங்க. நான் இப்ப எங்க போவேன், சொல்லுங்க."

திங்கட்கிழமை அவன் ஏனோக்கின் வேலை மேலங்கியையே மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனான்.

அவள் சொன்னது எப்படியோ ஏனோக்கின் காதுக்கும் எட்டிவிட்டது. "எங்கப்பா அந்தத் தொட்டியில நின்னுதான்டி எங்களை வளத்தாரு. நீ அதைப் போய் விஷம்கிற" என்றான். அதன்பின் அவள் ஊட்ட வந்தால் வாயை இறுக மூடிக்கொண்டான். அவன் தட்டில் முகத்தைக் கவிழ்த்துத் தின்பதைப் பார்க்க மனம் தாங்காமல், சாப்பாட்டை வைத்ததும் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஆரன் வேலையைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். இங்கே செய்த பீங்கான் என்றால் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று தட்டின் அடியில் இங்கிலாந்துச் சிங்க முத்திரையைக் குத்தி அனுப்புவார்கள். "அந்தச் சிங்கத்துகிட்ட இருந்து தப்பிக்கத்தானே அண்ணி கடல் தாண்டி வந்தோம்" என்று சொல்லிச் சிரிப்பான். பனி உருகத் தொடங்கியபோது அந்தச் சிரிப்பு நின்றது. ரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு வயிற்றை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கெசயா அவனை ஜன்னலோரம் நிறுத்தி உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஏனோக்குக்கு இருப்பது போலவே ஈறோரம் ஈயத்தின் நீலக் கோடு.

அவள் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

மறுநாள் முற்பகலில் ஏனோக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினான். கெசயா பின்னாலேயே ஓடினாள். மெருகு அறையில் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். அவன் நேராகத் தம்பியின் தொட்டி முன்னால் போய் நின்று, பையிலிருந்து கைகளை எடுத்து உயர்த்தினான். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டும் தொங்கின.

"இங்க பாருடா. நல்லாப் பாத்துக்கோ. நான் சொன்னது பொய். வாதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெளிய வா."

"காட்டி முடிச்சாச்சுன்னா மத்தவங்க வேலையப் பாக்கட்டும்" என்றார் ரிக்பி.

ஆரன் கையிலிருந்த தட்டைப் பலகையில் வைத்தான், கையைத் துடைத்தான், அண்ணனோடு வெளியே வந்தான். வேறு ஒருவரும் அவர்களோடு வரவில்லை.

ஆற்றில் நிலக்கரிப் படகுகளில் ஆரனுக்கு வேலை கிடைத்தது. வயிற்றுவலி மெல்ல விட்டது. அடுத்த ஆண்டு எலனும் பிள்ளைகளும் வந்தார்கள். ஏனோக்குக்கு விடிவில்லை. வலிப்பு வரத் தொடங்கியது. அதற்கடுத்த வசந்தத்தில் போய்ச் சேர்ந்தான். மனைவியிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. ஆனால் அன்று மெருகு அறையிலிருந்து திரும்பி வந்த பகல் முதல் அவள் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டான். பூவேலை அச்சடித்த காகிதத்தைப் பீங்கானில் ஒட்டும் அறையில் வேலைக்குச் சேர்ந்து கெசயா வீட்டை ஓட்டினாள்.

ஆரன் விட்ட தொட்டிக்கு அந்த லாங்டன்காரன் அதே வாரம் வந்துவிட்டான். அவன் மனைவி, மிக இளவயதுக்காரி, வாடகைக்கு அறை இருக்குமா என்று கேட்டு வந்தாள். தன்னையும் தூரிகை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். கெசயா அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள், வயிற்றிலேயே போன பிள்ளைகள் உட்பட. அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, பிள்ளைகள் போனதற்குத் தண்ணீர்தான் காரணமோ என்பதுபோல், இந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகுமா என்று கேட்டாள்.