ஐந்தில் பொறுக்கிய மினி கிரைண்டர்

எனக்குக் கோபம் முதல் பஸ்ஸில் வந்துவிடும், யோசனை அடுத்த பஸ்ஸில்தான் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். லாரி ஓட்டுகிறவர், அவருக்கு எல்லாமே வண்டியும் ரோடும்தான். மினி கிரைண்டர் விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே பலித்தது என்பதை அவரிடம் நான் இதுவரை முழுதாகச் சொல்லவில்லை.

எனக்குப் பிறந்த வீடு கெங்கவல்லிப் பக்கம். ஐடிஐயில் வண்டி மெக்கானிக் பிரிவு படித்தேன். அந்த வகுப்பில் சடை போட்ட ஆள் நான் ஒருத்திதான். கல்யாணமாகி எருமப்பட்டிக்கு வந்த பிறகு எட்டு வருஷம் ஸ்பேனரைத் தொடவில்லை. இரண்டு பிள்ளைகள், இரண்டு மாடு, கோழிப்பண்ணை ஒன்றில் ஆபீஸ் வேலை என்று ஓடிவிட்டது. சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கை துறுதுறுவென்றது. வீட்டு முன்னால் பழைய டயர் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையை ஒதுக்கிக்கொண்டேன். முதலில் எங்கள் மருந்தடிக்கிற ஸ்பிரேயர், அப்புறம் சித்தப்பா மாமனார் தோட்டத்துப் புல்வெட்டி. எல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டு இன்ஜின். கெட்டுப்போனாலும் ஒரு திட்டோடு முடிந்துவிடும்.

மாமியாருக்கு இதில் சம்மதமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கொட்டகைப் பக்கம் வந்தால் மட்டும் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சேற்றைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவார். ஒரே ஒரு தடவை, “நம்மூட்டு மிசினைக் கழட்டு, மாட்டு. ஊராளு வண்டியெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார். பதில் எதிர்பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்குத்தான் அது மனசில் தைத்துக் கிடந்தது.

அப்படியிருக்கையில்தான் முதல் ஊராளு வண்டி வாசலுக்கு வந்தது. தினமும் சொசைட்டிக்குக் கேன் கட்டிப் பால் கொண்டுபோகிற அக்காவின் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்.

“சாமி, கேனோட மேட்டுல ஏற மாட்டேங்குதுங்க. எறங்கித் தள்ளுனா மட்டும் ஏறுது. தள்ளறதுக்கு எதுக்குங்க பெட்ரோலு?” என்றார்.

கழற்றிப் பார்த்தேன். சிலிண்டரில் புகை வெளியேறுகிற போர்ட் என்கிற துவாரம் கரி அடைத்துப் பாதியாகச் சுருங்கியிருந்தது. அதுகூடப் பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஸ்குரூடிரைவரை விட்டுக் கரியைக் குத்தி எடுத்திருக்கிறார். அதில் துவாரத்தின் விளிம்பு உள்பக்கமாகப் பிசிறு தட்டி நின்றது. பிஸ்டன் ஏறி இறங்கும்போதெல்லாம் ரிங் அதில் உரசும். அரம் விட இடமில்லை. சுண்டுவிரல் நுனி அளவுக் கல்லைப் பூட்டிச் சுழற்றுகிற மினி கிரைண்டர் வேண்டும். கல் ஆடாமல் சுழலவும் வேண்டும். ஒரு தடவை துள்ளிச் சிலிண்டர் சுவரில் பட்டால் கோடு விழும். கோடு விழுந்தால் சிலிண்டர் போச்சு. கூடவே என் கொட்டகையும் போச்சு. அந்தப் பொம்பளையிடம் வண்டியைக் கொடுக்காதே என்று சொசைட்டி வரிசையில் ஒருவர் சொன்னால் போதும், அப்புறம் ஒரு வண்டி என் வாசலில் நிற்காது.

“ஆயுத பூசை கழிஞ்ச மறுநாள் முடிச்சுத் தரேன்க்கா” என்றேன்.

“அதுவரைக்கும் தலையில வெச்சு நடந்துக்கறேனுங்க. அதுக்கு மேல ஆக்கீறாதீங்க.”

வீட்டுக்காரர் அப்போது நாக்பூரில் லோடு இறக்கக் காத்துக்கிடந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன். “பாடி கட்டற பட்டறையில நீளமா ஒண்ணு வெச்சிருப்பாங்க பாரு, அதை எடு புள்ள. ரெண்டு கையில புடிச்சாத்தான் அது மிசினு” என்றார். நாமக்கல் லாரிக்காரர்களுக்கு எதையும் தூக்கிப் பார்த்துக் கனத்தால்தான் நல்ல சாமான். நான் செய்யப்போவது பல் டாக்டர் வேலை, அவர் சொல்வது பாறை உடைக்கிற மிஷின். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

செல்போனில் தேடினால், முனையில் பூட்டுகிற நூற்றுச் சொச்சம் பிட்டுகளோடு ஒரு பெட்டி, சீர்த்தட்டு மாதிரி பரப்பி வைத்திருந்தார்கள். அதில் எனக்கு ஆகிறது நாலு. மற்றதெல்லாம் இரும்பில் ஒரு தடவை பட்டால் உதிர்ந்துபோகிற சக்கரம். என் கையிருப்புக்குப் பெயர்பெற்ற கம்பெனி மிஷின் கட்டுப்படியாகாது. மலிவானதுதான் வாங்க முடியும். ஆனால் மலிவில் நல்லது எது, கெட்டது எது என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் சேலம் கிளம்பினேன்.

ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற நாத்தனார் தன் தெருவிலேயே ஏசி போட்ட கடை இருப்பதாகச் சொல்லியிருந்தாள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அழகாக வைத்திருந்தார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும், “வீட்ல சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம்” என்றார் கடைக்காரர். சார் நாக்பூரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்கு மேல் நின்றிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கடைவீதியில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். “சொல்லுங்க சிஸ்டர், எதுக்கு மிஷினு? நெயில் ஆர்ட்டா, மரமா, இரும்பா?” என்று கேட்டார். சிலிண்டர் போர்ட் என்றேன். ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

வேகத்தைக் குறைத்து வைக்கிற திருகு வேண்டும், கரி சுரண்ட மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். பேனா மாதிரி பிடிக்க வளைகிற வயர் வேண்டும். உள்ளே தேய்கிற கார்பன் பிரஷ் நாளைக்கும் கடையில் கிடைக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டதும் பாய் ஒரே மாடலில் ஐந்து பெட்டியை இறக்கினார். மலிவுச் சாமானில் ஒரே மாடலுக்குள்ளேயே ஒன்று தங்கம், ஒன்று தகரம். ஐந்தையும் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

ஒரே கம்பியை ஒவ்வொன்றிலும் பூட்டி ஓட்டினேன். நுனி ஒரு புள்ளியாக நின்றால் நேராகச் சுழல்கிறது. புகைபோல அகன்றால் ஆடுகிறது. முதலாவது ஆடியது. இரண்டாவது நேராக ஓடியது, ஆனால் பாய் வரவழைத்த டீ ஆறுவதற்குள் கை சுட்டது. மூன்றாவது அம்சமாக நின்றது. நாலாவதில் திருகைத் திருப்பினால் வேகம் தன் இஷ்டத்துக்குப் போனது. ஐந்தாவதும் மோசமில்லை. திரும்ப மூன்றாவதையே எடுத்தேன்.

“பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க சிஸ்டர்.”

“பொண்ணு ஆடினா அழகு பாய். இது ஆடக்கூடாது.”

சிரித்துக்கொண்டே உள்ளே எடுத்துப்போய், பெட்டியில் வைத்து ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு நாமக்கல் வரை நின்றுகொண்டே வந்திருந்தாலும் கால் வலித்திருக்காது.

லாரி வைத்திருக்கிற வீட்டில் ஆயுத பூசைதான் பெரிய நோன்பு. அந்த வருஷம் லாரி நாக்பூரிலேயே பூசணிக்காய் உடைத்துக்கொண்டது. வீட்டில் மண்வெட்டி, அரிவாள், தையல் மிஷின், பிள்ளைகள் புத்தகம் எல்லாம் வரிசைக்கு வந்தன. நானும் ஒரு ஓரத்தில் இலை போட்டு ஸ்பேனர்களையும் புது மிஷினையும் வைத்து, கைப்பிடிகளில் கடுகளவு பொட்டு வைத்தேன். மாமியார் கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து மற்றதற்கெல்லாம் வைத்தார். நான் பொரி எடுக்க உள்ளே போய் வந்தபோது என் இலைப் பக்கம் குனிந்திருந்தார். இலையைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். பூசையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில்தான் எடுத்தேன்.

மேலே துடைத்து, முனையில் இருக்கும் நட்டை இளக்கி, கல்லைச் சொருகி, இறுக்கி, ஓடவிட்டேன். கல்லின் நுனி புகைபோல அகன்றது.

நிறுத்தி வேறு கல் போட்டேன். ஆடியது. இன்னொன்று. அதுவும் ஆடியது. இதை அந்தத் துவாரத்துக்குள் விட்டால் அக்காவின் சிலிண்டர் அவ்வளவுதான். நானே ஐந்தில் ஒன்றாகப் பொறுக்கிய மிஷின் எப்படி ஆடும்? பாய் உள்ளே எடுத்துப்போய் ஒட்டினாரே, அங்கேதான் மாற்றிவிட்டார்! முதலாவதை என் தலையில் கட்டிவிட்டார்! ஐடிஐயில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, கோளாறு என்றால் முதலில் கழற்றிப் பார் என்று. ஒரு நட்டு, அரை நிமிஷ வேலை. நான் கழற்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். போகிற வழியெல்லாம் பாயிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன்.

அத்தனையையும் சொன்னேன். கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் சாமானைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். பாய் மிஷினை வாங்கி முன் நட்டை முழுதாகக் கழற்றி, உள்ளே பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சின்னப் பித்தளைக் குழாயை வெளியே எடுத்து, மேஜைமேல் தட்டினார். மஞ்சளாக ஒரு கட்டி உருண்டு விழுந்தது. காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு பக்கம் குங்குமச் சிவப்பு. அது உள்ளே அடைத்திருந்ததால்தான் கல்லின் காம்பு குழாயில் நேராக உட்காரவில்லை.

“சிஸ்டர், உங்க ஊர்ல மிஷினுக்கு உள்ளயும் பொட்டு வைப்பீங்களா?”

குழாயைத் துடைத்துப் பூட்டி அவர் ஓட்டிக் காட்டினார். நுனி ஒரு புள்ளியாக நின்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிச்சுக்குங்க பாய் என்றேன். “டீ குடிச்சிட்டுப் போங்க. அன்னிக்கு மிஷினை செக் பண்ணீங்க, இன்னிக்கு என்னை செக் பண்ணிட்டீங்க” என்றார். டீயைச் சூடாகவே குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் யோசனை வந்தது. நான் வைத்தது கைப்பிடியில். அவ்வளவு சந்தனம் என் கையால் வைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் கேட்டேன். “அத்தை, என் மிஷினுக்கு நீங்க பொட்டு வச்சீங்களா?”

“ஆமா, வெச்சேன். நீ கைப்புடியில வெச்சிருந்தே. கைப்புடியில ஆராச்சும் வெப்பாங்களா? அருவான்னா அலகுல வெக்கோணும், மம்முட்டின்னா வெட்டற எடத்துல வெக்கோணும். இதுக்கு எது அலகுன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். மூக்குல ஒரு ஓட்டை இருந்துச்சு. அதுதான் வேலை செய்யற எடம்னு நல்லாவே வெச்சேன்.”

“எதுக்கு அத்தை அவ்வளவு?”

“ஊராளு வண்டியல்லோ” என்றார். “நம்மூட்டு மிசினுன்னா கெட்டாலும் நம்மளோட போயிரும். அந்தப் பால்காரிது கெட்டா உன்னையல்லோ சொல்லுவாங்க.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மாட்டுக்குத் தீவனம் அள்ளப் போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊராளு வண்டியெல்லாம் எதுக்கு என்று அன்றைக்குக் கேட்டது என் வேலை பிடிக்காமல் அல்ல, என் பெயருக்குப் பயந்து. இத்தனை மாதம் அதைத் தப்பாகவே மனசில் வைத்திருந்தேன். அந்தக் கட்டிதான் மிஷினை ஆட வைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயர் கோளாறு, சரிசெய்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் பிசிறு எடுத்து, கரி சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டிவிட்டேன். சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் இல்லை. மறுநாள் பால்கார அக்கா இரண்டு கேனோடு எங்கள் வீட்டு முன் மேட்டில் உட்கார்ந்தபடியே ஏறினார், மேலே போய்த் திரும்பிப் பார்த்து ஹாரன் அடித்தார். அந்த வாரமே சொசைட்டி வரிசையிலிருந்து இன்னும் இரண்டு மொபெட் வந்தது.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் முன்கூட்டியே நட்டையும் பித்தளைக் குழாயையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். வெறும் மூக்கோடு மிஷினை இலையில் வைத்து, மாமியார் பக்கம் நகர்த்தினேன்.

“அத்தை, நீங்களே வையுங்க. நல்லா வையுங்க.”

கிண்ணத்தில் விரலை விட்டுச் சந்தனத்தை எடுத்தவர், மூக்கருகில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இந்தத் தடவை சேலத்துக்கு ஓட மாட்டியே?”