சாயத்திலிருந்து வந்த மருந்து

தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பெண் பிறந்த மூன்றாம் நாள் குளிர் எடுத்தது. மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. பிரசவ ஜன்னி. அந்தக் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டதுமே வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள். என் சித்தி அதில்தான் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிவப்பு மாத்திரைகளைக் காட்டினார். "புது மருந்து. போன வருஷம், முப்பத்தஞ்சுலதான் ஜெர்மனியில ஒரு டாக்டர் இதை வெளியில சொன்னாரு. சாயத்துலேர்ந்து வந்தது."

சேதி கேட்டு ஓடிவந்திருந்த என் கணவருக்கு விழுப்புரத்தில் சாயப்பட்டறை. டப்பாவில் வரும் ஜெர்மன் சாயமெல்லாம் அவருக்கு அத்துப்படி. முகம் இறுகிவிட்டது.

"கையில பட்டாலே லேசுல போவாதுங்க டாக்டரம்மா. அத்தப் போயி வவுத்துக்குள்ள போடச் சொல்றீங்களே. வேணாங்க, நான் இட்டுக்கினு போறேன்."

டாக்டரம்மா அவரிடம் வாதாடாமல் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

அதுவரை எதற்கும் என்னை யாரும் கேட்டதில்லை. "குடுங்க," என்று வாங்கி விழுங்கினேன்.

மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தோலிலும் லேசாகச் செம்மை ஏறியிருந்தது. கணவர் என் கையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சூடு எறங்கிக்கினு வருது," என்றார்.

அன்று மாலை வேர்த்துக் கொட்டியது. கேப்பைக் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்த ஜெர்மன்காரர், கையில் சீழ் வைத்துக் கிடந்த தன் மகளுக்கே அந்த மருந்தைக் கொடுத்துப் பிழைக்கவைத்தார் என்று பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அதே முப்பத்தைந்தில் பிரான்சில் சிலர், நோயைக் கொல்வது சாயம் இல்லை, உடம்புக்குள் அது உடைந்து வரும் நிறமற்ற பகுதிதான் என்று கண்டுபிடித்தார்களாம். அதையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப செவப்புக்கு ஒரு வேலையும் இல்லியா?" என்று மனிதர் வாடிப்போனார்.

அப்போது, நான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே வானூர்ப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். அதே ஜன்னி. மாத்திரையைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். என் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் கட்டிலண்டை போனேன்.

"என்னப் பாரு. நாலு நாளைக்கு முன்னாடி நானும் உன்னாட்டம்தான் கெடந்தேன். இத்த முழுங்கித்தான் எழுந்து நிக்கறேன்."

என்னையும் குழந்தையையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

நான் வீட்டுக்குப் புறப்பட்ட காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.