ஒட்டிப்போன படங்கள்

பல்கலைக்கழகத்தின் ஆவண அறையில் எனக்கு வேலை. எர்ணாவூரிலிருந்து தினமும் ரயிலில் போய், பெட்டி தூக்கி, தூசு தட்டி, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. பெரியவர்கள் பேசும் இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன்.

போன மழையில் ஓர் அலமாரிக்குள் தண்ணீர் ஒழுகியிருந்தது. பழைய புகைப்படக் கட்டு ஒன்று ஒட்டிக் காய்ந்து செங்கல் மாதிரி கிடந்தது. பொறுப்பாளர் மேடம் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் விடுதியின் முதல் மாணவிகள் சேர்ந்து நின்ற படம் அந்தக் கட்டில்தான் இருப்பதாகப் பதிவேடு சொன்னது. வேறு பிரதி கிடையாது. இரண்டு வருடமாக மேடம் அந்தக் கட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

ஸ்டீல் ஸ்கேலை ஓரத்தில் நுழைத்து நெம்பினார். யாரோ ஒரு பேராசிரியரின் காது மட்டும் தனியாக வந்தது.

"மேடம், இழுக்காதீங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"வேற என்ன பண்றது?"

"தண்ணில போட்டா ஒட்டுனது வுட்ரும்."

"தண்ணியாலதானேப்பா இந்தக் கதி!"

வேறு வழியில்லாமல் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். எங்கள் பக்கம் வெள்ளம் வந்தபோது கல்யாண ஆல்பமும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. என் மனைவி ஆத்திரத்தில் வெடுக்கென்று பிய்த்தாள். தாலி கட்டும் படத்தில் என் தலை போய்விட்டது. "இன்னாய்யா, தலையில்லாதவனுக்கா கழுத்த நீட்டினேன்?" என்று இன்றைக்கும் கேட்பாள். மிச்சப் படங்களை மீன் கழுவும் அன்னக்கூடைப் பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவைத்தோம். ஒவ்வொன்றாகத் தானாகக் கழன்று வந்தன.

மேடம் சிரித்துவிட்டார். "சரி, காது போனவர்ல ஆரம்பிப்போம்."

கேன்டீன் தட்டில் கேன் தண்ணீர் ஊற்றி மேலிருந்த நாலைந்து படங்களை மட்டும் அமுக்கி வைத்தோம். மேடம் நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். "கரைஞ்சிடப் போவுதுப்பா!"

"கரையாது மேடம். அதுவா வரும். நாம போய் கூப்புடக் கூடாது."

தண்ணீரை இரண்டு முறை மாற்றினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் முதல் படம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அதன்பின் மிச்சக் கட்டும் தண்ணீருக்குள் போனது. விளையாட்டு விழா வந்தது. மரம் நடுவது வந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்கும் சமையல்காரர் வந்தார். நாற்காலிகளுக்கு நடுவே கொசுவலையை இழுத்துக் கட்டி, முகம் மேலே இருக்கும்படி பரப்பினேன். மேலே செய்தித்தாள் போடலாமா என்று மேடம் கேட்டார். அது ஒட்டிக்கொள்ளும், வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் அடியிலிருந்து அந்தப் படம் வந்தது. படிக்கட்டில் ஒன்பது பெண்கள். ஒருத்தி கண்ணை மூடியிருந்தாள். ஒருத்தி பக்கத்திலிருப்பவளின் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மேடம் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். பதிவாளரும் வந்தார். நான் ஆறு வருடமாக நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர். கண்ணாடியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படத்தின்மேல் குனிந்தார்.

"சார், கண்ணாடி வுழுந்துடும். தள்ளி நில்லுங்க. அப்டியே ஃபேனையும் நிறுத்துங்க, படம் பறக்குது."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவர் போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து, "இப்ப பாக்கலாமா?" என்று கேட்டார்.



"பாக்கலாம் சார்" என்றேன்.