வாசலுக்கு வந்து சொன்னவள்

ஸ்டெல்லா இறந்த செய்தி நம் கல்லூரி நண்பர்களின் கைபேசிக் குழுவில்தான் வந்தது. "ஸ்டெல்லா இன்று காலை காலமானார்" என்று ஒரே ஒரு வரி. அனுப்பியது ஸ்டெல்லாவின் எண். தன் சாவைத் தானே அறிவிப்பவர் யார் என்று நினைத்திருக்க வேண்டும் மோகன். உடனே கீழே எழுதினான்: "மணி அடிச்சாச்சா?" நானும் யோசிக்காமல் ஒரு சிரிக்கும் பொம்மையைத் தட்டிவிட்டேன். சற்று நேரம் கழித்து, அம்மாவின் கைபேசியிலிருந்து எழுதுவது மகள் ஜெனிபர் என்றும், மாரடைப்பு என்றும் தெரிந்தது. பொம்மையை அழித்தேன். அதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டிருந்தாள்.

'மணி அடிச்சாச்சா' என்பது நம் வகுப்பில் ஊறிப்போன கிண்டல். யாராவது நம்ப முடியாத சேதி கொண்டுவந்தால் அப்படித்தான் கேட்போம். ஒரகடத்தில் ஸ்டெல்லாவோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அவள் அங்கே சொல்லியிருக்கவே மாட்டாள். அவர்களுக்காகவும், தெரிந்தும் சிரித்துக்கொண்டிருந்த நமக்காகவும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் நாங்கள் இரண்டாம் ஆண்டு. சென்னைக் கல்லூரி ஒன்று மாணவர்களுக்குக் குறும்படப் போட்டி அறிவித்தது. முழுப் படம் வேண்டாம், கொலை மர்மக் கதையின் தொடக்கக் காட்சி மட்டும் எடுத்தால் போதும். கொலைகாரன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை, பார்க்கிறவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட வேண்டும். மோகனின் மாமா கல்யாண வீடியோ எடுப்பவர், ஆகவே கேமராவுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் பிணத்தைப் பற்றித்தான். நெடுஞ்சாலை ஓரப் புளியமரத்தடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் குப்புறக் கிடக்க வேண்டும், முதுகில் கத்தி, குங்குமம் கரைத்த ரத்தம் என்று மோகன் திட்டம் போட்டான். பிணமாகக் கிடக்க என்னைத் தேர்ந்தெடுத்தான். ஒல்லியாக இருப்பதால் பொருத்தமாம்.

அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்லி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாதங்கள் கடந்தும் சாலையில் போலீஸ் நின்றது. பையோடு நடந்தால் திறந்து காட்டச் சொன்னார்கள். இந்த ஊரில், இந்த வருடத்தில், சாலையோரம் ரத்தத்தோடு ஓர் ஆளைக் கிடத்திப் படம் எடுக்கிறீர்களா என்று கல்லூரி முதல்வர் எங்களை அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். பிணம் கூடாது, ரத்தம் கூடாது, கேமரா நெடுஞ்சாலைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பிணம் இல்லாமல் எப்படிக் கொலைக் கதை எடுப்பது என்று கேன்டீனில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"பொணமே வேணாம் பாலு. எங்க ஊரு கோயில்ல துக்க மணி அடிக்கட்டும். அல்லாரும் ஓடியாரட்டும். ஆருன்னு கேக்கட்டும். ஊர்ல ஆருமே சாவல. அப்ப மணி ஆருக்கு?"

இப்போது நினைத்தாலும் எனக்கு அது நல்ல தொடக்கம்தான். கொலை இன்னும் நடக்கவில்லை, ஆனால் அதற்கான மணியைக் கொலைகாரன் முன்கூட்டியே அடித்துவிட்டான். மோகன் எழுந்து நின்று அவளுக்குக் கும்பிடு போட்டான். கேன்டீன் மேசையிலேயே சாக்பீஸால் கட்டம் கட்டமாக வரைந்தோம். முதலில் வெறும் வானம், மணிச் சத்தம். அடுத்து கயிற்றைப் பிடித்த கை, முகம் தெரியக் கூடாது. அப்புறம் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. ஸ்டெல்லா கட்டங்களை அழித்து அழித்து வரைந்தாள். அவளுக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் ஊர் வடக்குப்பட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். இன்றைய கம்பெனிகள் ஒன்றும் அப்போது கிடையாது. ஏரி, நெல் வயல், கடலைக் கொல்லை, ஓடு போட்டு உச்சியில் சிலுவை வைத்த சிறிய கோயில். அந்தக் கோயிலில் மணி அடிப்பவர் ஸ்டெல்லாவின் சித்தப்பா தேவராஜ். பூசை மணி வேகமாக அடிக்கும். துக்க மணி ஒவ்வொரு அடிக்கும் நிறைய இடைவெளி விட்டு அடிக்கும். அதைக் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கோயில் வாசலுக்கு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். எந்தச் சாதி, எந்த வேதம் என்று பார்ப்பதில்லை. முந்தின நாள் மாலை ஸ்டெல்லா தெருவில் ஒரு வீடு விடாமல் போய், நாளைக்கு அடிப்பது சினிமாவுக்கு என்று சொல்லியிருந்தாள். தேவராஜ் சித்தப்பா அரை மனதாகத்தான் சம்மதித்தார்.

நாங்கள் செய்த பிசகு இதுதான். வீட்டில் இருப்பவருக்குச் சாவு தெரிய மணி தேவையில்லை, பக்கத்து வீட்டு அழுகையே போதும். மணி அடிப்பது வெளியே போனவர்களுக்காக, அவர்களில் சிலருக்குச் சினிமாச் சேதி போய்ச் சேரவில்லை. அப்படிப் போயிருந்தவர்களில் ஒருவர் ராஜம்மாள், ஸ்டெல்லாவின் அத்தை. அவருடைய ஒரே மகன் ஏசுதாஸ் சைக்கிளில் போகும்போது லாரி இடித்துக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அத்தை அவனோடேயே இருந்தார். அன்று காலைதான், கடலையைப் பிடுங்காவிட்டால் முளைத்துவிடும் என்று ஒரே ஒரு நாளுக்காக வந்து நேராகக் கொல்லைக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா முந்தின மாலை சொல்லப் போனபோது அவர் வீடு பூட்டியிருந்தது.

மணி அடித்தது. ஆட்கள் வந்தார்கள். தெருவாசிகள் சொல்லிவைத்தபடி நடித்தார்கள், கொல்லையிலிருந்து வந்தவர்கள் நிஜமாகவே ஓடிவந்தார்கள். மோகனுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கேமராவை நிறுத்தவில்லை. ராஜம்மாள் அத்தை வரப்பு வழியாக வந்தார். கையெல்லாம் மண். அழவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, சினிமா அத்தே, சும்மா சினிமா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தைக்கு அது உறைக்க நேரமாயிற்று.

"அப்ப எம் புள்ள கீறானா?" என்று கேட்டார். உயிரோடுதான் கீறான் என்றதும் எங்களைத் திட்டவில்லை. எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி கொல்லைக்குப் போனார்.

அந்தக் காட்சி படத்தில் இருந்தது. போட்டி நடுவர்கள் அதைத்தான் பாராட்டினார்கள், அந்த அம்மாளின் நடிப்பு அபாரம் என்று. நமக்குத்தான் முதல் பரிசு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. பரிசு விழாவுக்கு வராத ஸ்டெல்லாவிடம் கோப்பையைக் காட்ட மோகனும் நானும் ஒரு விடுமுறை நாளில் அவள் ஊருக்குச் சைக்கிளில் போனோம். வழியெல்லாம் வயலில் நடவு. எங்களை அடையாளம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மோகன் பையிலிருந்து கோப்பையை எடுத்து ஆட்டிக் காட்டினான். நாங்கள் ஊருக்குள் நுழையும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது, நிறைய இடைவெளி விட்டு. மோகன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நமக்கு வரவேற்பு என்றான்.

ஏசுதாஸைக் கொண்டுவந்திருந்தார்கள். அத்தை வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தது. தெருக்காரர்கள் மட்டும் நின்றார்கள். மணி அடித்து வெகுநேரம் ஆகியும் வயலிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. சினிமாப் பசங்க மறுபடியும் வந்துட்டானுங்க, இதுவும் சினிமா மணிதான் என்று, எங்களை நிமிர்ந்து பார்த்தவர்கள் எல்லாம் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைத்தான் கண்ணாலேயே பார்த்திருந்தார்களே. அத்தை மகனின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஊரு இன்னும் வரலியா, ஊரு இன்னும் வரலியா" என்று கேட்டபடி இருந்தார். நான் கோப்பை இருந்த பையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்வில் அதைவிட வெட்கக்கேடான இடத்தில் நான் நின்றதில்லை.

ஸ்டெல்லா எங்களைப் பார்த்தாள். வயலுக்கு நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வயலாகப் போய் வரப்பில் நின்று சொன்னாள். "நெசம் மாமா. நம்ப ஏசுதாஸு பூட்டான். வாங்க." ஒரு பெரியவர் நாற்றுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ சொல்லி எப்டிம்மா நம்பறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவள் வரப்பிலிருந்து இறங்கி அவர் முன்னால் நின்றாள். முகத்தைத் திருப்பவும் இல்லை, மூடவும் இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நாற்றுக் கட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையேறினார்.

அடக்கம் முடிய இருட்டிவிட்டது. ஊர் முழுக்க வந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் மணிக்குப் பின்னால் ஸ்டெல்லா நடந்தாள். வயலெல்லாம் விலை போய், ஏரிக்கரை வரை கம்பெனி மதில் எழும்பி, ஊர்ப் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தபின், மணிச் சத்தம் அந்த மதிலைத் தாண்டவில்லை. அவளும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனி கேட்டில் போய் நின்று, செக்யூரிட்டியிடம் கெஞ்சி, லைனில் நிற்கும் ஆளை வெளியே வரவழைத்துச் சொல்வாள். போன் இருக்கிறதே என்று நான் ஒருமுறை கேட்டேன். "போன்ல சொன்னா நெசமான்னு ரெண்டாவது தபா கேப்பாங்க பாலு. மூஞ்சிய பாத்தா கேக்க மாட்டாங்க" என்றாள். என் அண்ணன் புனேயில் இறந்தபோது, என்னிடம் போனில் சொல்லத் தயங்கிய வீட்டார் முதலில் அவளிடம்தான் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறித் தாம்பரத்தில் என் அலுவலகத்துக்கு வந்து, என்னை உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுச் சொன்னாள்.

தண்டலம் ஓட்டலில் நாம் எல்லோரும் கூடியது நினைவிருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு மோகன் அந்த மணிக் கதையை நடித்துக் காட்டினான். ராஜம்மாள் அத்தை மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன், எல்லாம் தெரிந்த நானும். சிரிப்பு அடங்கியதும் ஸ்டெல்லா, "அத்தை அப்டி அழுவல மோகன். சத்தமே வரல" என்றாள். பிறகு யாருக்குப் பாயசம் வேண்டும் என்று கேட்டாள். நாம் பாயசம் வாங்கிக் குடித்தோம்.

அவள் செய்தது பரிகாரமா என்று எனக்குத் தெரியாது. திட்டத்தை யோசித்தவள் அவள், உண்மைதான். ஆனால் கேமராவை நிறுத்தாதது மோகன், கோப்பையைக் கொண்டுபோனது நாங்கள் இருவரும். சுமந்தது மட்டும் அவள் ஒருத்தி. நமக்கு அது கூடும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்க ஒரு கதையாகக் கிடைத்தது.

ஸ்டெல்லா இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. வாசலில் பத்துப் பதினைந்து பேர்தான். மற்றவர்களெல்லாம் காலை ஷிப்டில். கைபேசியை உள்ளே கொண்டுபோக விடாத கம்பெனிகள். அம்மாவுக்குப் பதிலாக இன்று யார் போய்ச் சொல்வது என்று ஜெனிபர் அழுதுகொண்டே யாரையோ கேட்டாள்.

ராஜம்மாள் அத்தை கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். காது போய்விட்டது, கண் நன்றாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீ சினிமா புள்ளதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தக் கேள்விக்குப் பல வருடம் பயந்திருக்கிறேன். அவர் அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எம் பேரன் முறைக்காரப் பசங்க மூணு பேரு அந்த ஏரிக்கர கம்பெனில கீறானுங்க. நீ போய் சொல்லிட்டு வா. நேர்ல சொல்லு."

போனேன். கேட்டில் செக்யூரிட்டி பெயரை எழுதிக்கொண்டு உள்ளே சொல்லி அனுப்பினார். நீலச் சட்டை போட்ட ஒரு பையன் முதலில் வந்தான், இருபத்தைந்து வயதிருக்கும். என்னை அவன் முன்பின் பார்த்ததில்லை. "ஸ்டெல்லா இறந்துட்டாங்கப்பா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, திருப்பாமல் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். நிஜமா என்று கேட்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, மற்ற இருவரையும் கூட்டிவர உள்ளே ஓடினான்.

அவளிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த நிற்றல் மட்டும்தான். நம்மில் அடுத்து யார் போனாலும் குழுவில் எழுத மாட்டேன். உங்கள் வாசலுக்கு வருவேன்.