கூரைமேல் சாய்ந்த கொப்பு

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் றொசல்லயில் ஒரு வீடு வாங்கினோம். அந்த வீட்டுக்கு நாங்கள் மூன்று பேர் என்று நான் சொல்வேன். இரண்டு பேர்தான் என்று அப்பா சொல்வார். எங்களுக்குள் இருந்த சண்டையெல்லாம் இதில்தான்.

அப்போது நான் ஹட்டனில் டீச்சர். என் வீட்டுக்காரருக்கு அதே டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலை. கல்யாணமானதிலிருந்து கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் காலத்தை ஓட்டினோம். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசம், மூடினால் மூச்சு முட்டும். றொசல்ல ஹட்டனுக்கு முந்தின ஸ்டேஷன். ரயிலில் போகும்போதெல்லாம் அங்கே சரிவில் மரங்களுக்கு நடுவே தெரிந்த நாலைந்து வீடுகளைப் பார்த்து நான் பெருமூச்சு விடுவேன். காலையில் ரயிலேறி டவுனுக்கு வேலைக்குப் போய், சாயந்தரம் இலை வாசத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் குடியிருந்த வீடுகள் அவை. அதில் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரரை நான் தூங்க விடவில்லை. பணம் புரட்டிய கதையை விட்டுவிடுகிறேன், வீடு வாங்கிய எல்லோரிடமும் அப்படியொரு கதை இருக்கிறது.

எனக்கு வேறோர் அவசரமும் இருந்தது. அப்பா டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தே வயதானவர். அம்மா போன பிறகு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தார். தோட்டத்துப் பதிவில் பெயர் இருக்கும்வரைதான் காம்பிரா என்கிற அந்த லயத்து அறை நமக்கு. அப்பாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் அங்கே வேலை செய்ய யாரும் இல்லாததால் காம்பிராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறந்து, கல்யாணம் கட்டி, பெண்டாட்டியைப் பறிகொடுத்த அறையை விட்டு ஒரு மனிதர் ஒரு தகரப் பெட்டியோடு வெளியே வந்து நின்றார். அவர் சாதாரணமாக, "நான் அக்கரப்பத்தனைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன் பாப்பா. அவ காம்பிராவுல ஒரு மூலை இருக்கு" என்றார்.

"எங்க வீட்டுல மூணு அறை இருக்கு. மூலை தேடி அக்கரப்பத்தனைக்குப் போறீங்களா?" என்று நான் கத்தினேன். கொட்டும் மழையில் பஸ் ஏற முடியாது என்று என் வீட்டுக்காரர் நயமாகச் சொன்னதால், மழை விடும்வரை இருப்பதாக ஒத்துக்கொண்டார்.

எங்களுக்கு வீட்டை விற்றவர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களவர். மனைவி இறந்ததும் ஹட்டனில் இருந்த மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சிங்களத்தில் ஐயா என்கிற மரியாதையோடு, எங்களுக்கு அவர் மாத்தயா. சாமான்களோடு நாங்கள் வந்து இறங்கிய அன்று, தண்ணீர் பீலியின் அடைப்பை எடுப்பது எப்படி என்பதுவரை காட்டிக்கொடுத்துவிட்டுப் போன நல்ல மனிதர்.

மாதா கோயில் சுவாமியார் வந்து வீடு மந்திரித்தார். அப்பாவுக்கு ஓர் அறை, கட்டில், மெத்தை எல்லாம் போட்டுவைத்தேன். அவர் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார். விடிந்ததும் தான் படுத்த அடையாளமே தெரியாமல் பாயைச் சுருட்டி வைத்தார். தன் கோட்டு மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டார். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டார். சொந்த அப்பா நம் வீட்டில் விருந்தாளியாக இருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. "எல்லாத்துக்கும் கேக்காதீங்கப்பா" என்று நான் எரிந்து விழுவேன். "சரி பாப்பா" என்பார். மறுநாளும் கேட்பார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு டர்பன்டைன் மரம். அதில் கை பருமனுள்ள ஒரு கொப்பு சமையலறைக் கூரைமேல் சாய்ந்திருந்தது. தென்மேற்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் தகரத்தை அது தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விழுந்தால் அடுப்படி போச்சு. "அதை வெட்டிப் போடுங்கப்பா" என்றேன். "பாப்போம்" என்றார். அடுத்த வாரமும் சொன்னேன். "பாப்போம்." வாழ்நாள் முழுக்க வெட்டியே பிழைத்த மனிதர் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்தாரே தவிர மரத்துப் பக்கம் போகவில்லை. என் பேச்சைக் கேட்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ரயிலில் வந்து இறங்கினேன். பின் பெட்டியிலிருந்து அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, கோட்டு, தலைப்பாகை. திருவிழாவுக்குப் போகிற கோலம். அவருக்குப் பின்னால் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாத்தயா இறங்கினார்.

"டீச்சர், கோவிக்க வேணாம்" என்று மாத்தயாவே முந்திக்கொண்டார். "அய்யா பழம் கொண்டுவந்து எங்கிட்ட மரம் வெட்ட உத்தரவு கேட்டாரு. அது இப்ப ஒங்க மரம்தானேன்னு சொன்னேன். அவரு போகவே இல்ல, வாசல்லயே நின்னாரு. அதுதான் கூட வந்தேன்."

பிளாட்பாரம் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. நாங்கள் வாங்கிய வீட்டு மரத்துக்கு, விற்ற மனிதரிடம் போய் உத்தரவு கேட்டிருக்கிறார்! மாத்தயா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இந்தக் கொப்பு எனக்கும் பயம்தான். வெட்டுங்க அய்யா" என்றார். அப்பா கைகூப்பினார். மாத்தயா தேத்தண்ணி குடித்து, பழத்தில் பாதியை எங்களிடமே கொடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போனார்.

அவர் படி இறங்கியதும் நான் அடுப்படியில் வெடித்தேன். "ஏங்க, வீட்ட வாங்கினது நாமளா, அந்த மாத்தயாவா? நம்ம வாசல்ல நின்னு அவர் உத்தரவு குடுக்குறாரு, இவரு கும்புடுறாரு!"

"மெதுவாப் பேசு, கேக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்டுவிட்டது. அப்பா வாசற்படியில் வந்து நின்றார்.

"தோட்டத்துல ஒரு கொப்ப ஒடிச்சாக்கூட காவக்காரன் வந்து நிப்பான் பாப்பா. ஒங்கம்மா மாசமா இருந்தப்ப, அடுப்புக்கு இல்லேன்னு ஒரு கெளைய ஒடிச்சிட்டு வந்தேன். பெரட்டுல எல்லாரு முன்னாலயும் என்னைய நிக்க வச்சு ஏசினாங்க. எனக்குப் பரவாயில்ல. ஒன்னைய யாரும் வந்து அப்படிக் கேட்டுறக் கூடாது. டீச்சர் வீட்டுல மரத்த வெட்டிப்புட்டாங்கன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. அதுக்குத்தான் போனேன்."

என் கோபம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரிக்கிற அந்தப் பெரட்டுக் களத்தில் அவர் தலைகுனிந்து நின்றதை இத்தனை வருடமாக எனக்குச் சொன்னதே இல்லை. தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

அப்பா தொடர்ந்தார். "மழையும் கொறஞ்சிருச்சு. சனிக்கெழம கொப்ப வெட்டிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கெழம பூச முடிய அக்கரப்பத்தனைக்குக் கெளம்புறேன்."

இம்முறை நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுகைதான் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவருடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஒவ்வொன்றாக மடித்து அவர் பெட்டியில் வைத்தார்.

சனிக்கிழமை அப்பா மரமேறினார். கீழே ஒரு தகரம்கூட அசையாமல், கயிறு கட்டிக் கொப்பைத் துண்டு துண்டாக இறக்கினார். சாயந்தரம் அதை வேலியோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். கூடை இன்னும் முதுகில் இருந்தது. நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன்.

"அய்யா, இந்தச் சில்லு வெறகக் கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா?" என்று மூத்தவள் கேட்டாள்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் வேறு யாரிடமோ கேட்கிறாள் என்று நினைத்திருப்பார். அவள் மறுபடியும், "அய்யா, ஒங்களத்தான் கேக்குறேன்" என்றாள். அவர் திரும்பி ஜன்னலில் என்னைப் பார்த்தார். வாய்வரை வந்த பதிலை நான் விழுங்கினேன். தலையைக்கூட ஆட்டவில்லை. என் வாழ்க்கையில் வாயைக் கட்டிக்கொண்டிருந்த நேரங்கள் அதிகமில்லை, அது ஒன்று.

அப்பா குனிந்து ஒரு கட்டு விறகைத் தூக்கினார். வேலிக்கு மேலாக அவளிடம் கொடுத்தார். இளையவளுக்கு இன்னொன்று.

"எடுத்துக்கங்கம்மா, நம்ம மரந்தான்" என்றார். அவர்கள் நாலு எட்டு நடந்த பிறகு கூப்பிட்டு நிறுத்தினார். "அந்தப் பக்கத்துக் கொப்பும் கூரைமேலதான் சாயுது. செவ்வாக்கெழம வெட்டிப் போடுறேன். வேல முடிஞ்சு வாங்க, நான் வீட்டுலதான் இருப்பேன்."