சகுந்தலா டீச்சரின் கையும் ரெக்கார்டு பிளேயர் ஊசியும்

1. துண்டில் சுற்றிய துப்பாக்கி

தர்மபுரியில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்தின் பி.டி. டீச்சர் சகுந்தலா கடைக்குள் வந்தார். பூப்போட்ட துண்டில் சுற்றியிருந்த ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே கைத்துப்பாக்கி. டிரான்சிஸ்டருக்கு பேட்டரி வாங்க வந்திருந்த பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி பேட்டரியை மறந்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"பயப்படாதீங்கண்ணா. இது காத்துத் துப்பாக்கி. போட்டியில அட்டையில சுடுறது" என்று அவரிடம் சொல்லிவிட்டு டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பாய், இது ரிப்பேர் இல்லீங்க. என் கைதான் ரிப்பேரு."

ஊருக்கு வெளியே இருந்த ரைஃபிள் கிளப்பில் அவர் உறுப்பினர். துப்பாக்கியும் கிளப்புடையது. போன வருடம் வரை அங்கே ஆண்களையும் சேர்த்து அவர்தான் முதல். நாலு மாதமாகக் குண்டுகள் அட்டையின் நடு வட்டத்தை விட்டுச் சிதறிப் போகின்றன. மெட்ராஸில் மாநிலத் தேர்வுக்குப் பத்து வாரம்தான் இருந்தது. கிளப்பிலிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். செயலாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் சுபேதார். இப்படியே போனால் வேறு ஆளை அனுப்ப வேண்டிவரும் என்று சொல்லிவிட்டாராம்.

"அவரு நல்ல மனுசருங்க. ஆனா எல்லாரு முன்னாடியும் 'டீச்சருக்குப் பயம் வந்துருச்சு'ன்னு சொல்லிட்டாருங்க. அதுலருந்து எனக்கே சந்தேகமா இருக்குது. கிளாஸ்ல பாம்பு வந்தப்ப நாந்தான் பாய் அடிச்சேன்."

விசையை இழுக்கும் அந்த நொடியில் கை எங்கோ அசைகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அதைக் காட்டிக்கொடுக்க ஒரு கருவி வேண்டும் என்றார். பள்ளி விழாவில் மைக் செட் ஊளையிட்டதை நான் நிறுத்தியிருந்தேன். அதை நிறுத்தியவர் இதையும் செய்வார் என்பது அவர் கணக்கு.

எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

2. பழைய கார்ட்ரிட்ஜ்

ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் சின்ன டப்பாதான் கார்ட்ரிட்ஜ், அது தெரிந்தவர்களுக்கு இது எளிது. தட்டு சுற்றும்போது ஊசி நடுங்கும். அந்த நடுக்கத்தை அந்தச் சின்ன டப்பா கரண்டாக மாற்றும். ஊசி நுனியில் ஒரு சொட்டு ஈயம் வைத்து, டப்பாவைத் துப்பாக்கியின் அடியில் ஒட்டினால், கை அசையும்போது ஈயத்தின் கனம் பின்தங்கும், ஊசி வளையும், கரண்டு வரும். அதற்குப் பின்னால் அந்தக் கரண்டைப் பெருக்க ஒரு எஃப்.இ.டி., இரண்டு டிரான்சிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. கடைசியில் ஒரு இயர்போன். கை நிலையாக இருந்தால் காதில் ஒரே சுருதியில் "கூ" என்று கேட்கும். கை அசைந்தால் சுருதி ஏறி இறங்கும்.

கடையில் வைத்துச் சோதித்தபோது அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. ரோட்டில் லாரி போனால் கத்தியது. பக்கத்து மாவு மில் ஓடினால் கத்தியது. இயர்போன் ஒயர் சட்டையில் உரசினாலும் கத்தியது. ஒயரைக் கையோடு சேர்த்து பிளாஸ்திரி போட்டு ஒட்டிய பிறகு ஒரு வழிக்கு வந்தது. மற்றதற்கு, ரோட்டை விட்டுத் தள்ளியிருந்த கிளப் ஷெட்டே நல்ல இடம்.

3. சுபேதாரின் விரல்

கிளப்பில் முதலில் சுபேதார் கையில்தான் கொடுத்தேன். பெரிய மீசை, கம்பி போல் நீளும் கை. அந்தத் துப்பாக்கியில் குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதி இருந்தது.

இயர்போனை நான் மாட்டிக்கொண்டேன். "கூ" என்று சுத்தமான சுருதி. விசையை இழுக்கும் சமயம் பார்த்து "டுய்ங்" என்று ஒரு துள்ளல்.

"சார், இழுக்கறப்ப வெடுக்குனு இழுக்கறீங்க."

"யாரு, நானா? முப்பது வருசமா சுடறேன் பாய். உன் டப்பாவுக்குத்தான் வெடுக்கு."

இயர்போனை அவர் காதிலேயே மாட்டிவிட்டேன். ஐந்து முறை இழுத்தார். ஆறாவது முறை மெதுவாக, விரலை மட்டும் அழுத்தி இழுத்தார். துள்ளல் பாதியானது. மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "சனியன் சரியாத்தான் சொல்லுது" என்றார். மூன்று வாரம் அப்படியே பழகினார். அட்டையில் அவர் குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. கருவி வேலை செய்கிறது என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

4. விசில் சத்தம்

ஆனால் நான் செய்தது டீச்சருக்காக. அவருக்கு முதல் நாளே தொல்லை தொடங்கிவிட்டது.

அவர் கையை நீட்டிய நொடியிலேயே இயர்போனில் விசில் போல் ஒரு சத்தம். விசிலுக்குள் குண்டு உருளுமே, அந்த "குர்ர்ர்". விசையைத் தொடும் முன்பே, நிற்காமல், ஒரே வேகத்தில். சர்க்யூட் தானாக ஆடுகிறது என்று நினைத்தேன். பேட்டரி மாற்றினேன். எஃப்.இ.டி. மாற்றினேன். மறு வாரமும் அதே சத்தம்.

டீச்சர் இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "மெஷினும் அதையேதான் சொல்லுது பாருங்க. சுபேதார் சொன்னது நெசந்தான் போல. எனக்குப் பயந்தான்."

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. அவருக்கு உதவ வேண்டும் என்று செய்தேன். அது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய் இரும்புத் தாடையுள்ள வைஸில் இறுக்கிக் கட்டினேன். ஒரே சுருதி. என் கையில் வைத்தேன், லேசான அலைதான். என் மனைவி நூர்ஜஹான் கையில் கொடுத்தேன். அடுப்படியில் பால் பொங்கும் அவசரத்திலும் அவள் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. யார் கையிலும் அந்த விசில் இல்லை. அப்படியென்றால் கோளாறு செட்டில் இல்லை.

அடுத்த ஞாயிறு டீச்சரை வீட்டுக்கு வரச் சொன்னேன். துப்பாக்கி வேண்டாம் என்றேன். அதே கனத்தில் ஒரு மரக்கட்டையில் கார்ட்ரிட்ஜை ஒட்டி, நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். குறி கிடையாது, விசை கிடையாது, போட்டியும் கிடையாது. நூர்ஜஹான் அவரிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தலைமையாசிரியரின் சைக்கிளை ஒளித்துவைத்த கதையைச் சொல்லி டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். என் காதில் விசில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்கும்போது எந்தப் பயம் வரும்?

நூர்ஜஹான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், ஏன் இப்படி எளைச்சுட்டீங்க? போன நோன்புக்கு வந்தப்ப நல்லா இருந்தீங்களே?"

"பிராக்டிஸ்தாங்கக்கா. ஆனா சாப்பாட்டுக்குக் கொறையில்ல. ரெண்டாளு சோறு திங்கறேன். அப்பறம் இந்த வெக்கை, தாங்க முடியலீங்க."

அது மார்கழி மாதம். நாங்கள் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தோம். டீச்சரின் நெற்றி வியர்த்திருந்தது. மரக்கட்டையில் அவர் உள்ளங்கையின் ஈரம் படிந்திருந்தது.

நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். ரேடியோ ரிப்பேர் செய்கிறவன் ஒரு பெண்ணிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"டீச்சர், செட்டுல குறை இல்லீங்க. உங்க தைரியத்துலயும் குறை இல்லீங்க. பயம்னா வரும், போகும். இது நிக்காம, ஒரே வேகத்துல ஓடுது. டாக்டரைப் பாருங்க."

அவர் மரக்கட்டையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "நெசமாத்தான் சொல்றீங்களா பாய்? ஆறுதலுக்குச் சொல்லலியே?"

"ஆறுதலுக்குச் சொல்றதா இருந்தா சரியாயிரும்னுதான சொல்லியிருப்பேன்?"

5. ஒரு தாள்

டாக்டரிடம் நூர்ஜஹான் கூடப் போனாள். அவள் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். டாக்டர் டீச்சரின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாளின் ஓரம் படபடவென்று துடித்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தார், நாடியை எண்ணினார். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. இப்படியே விட்டிருந்தால் இருதயத்தைப் பிடித்திருக்கும் என்றாராம்.

"யாரும்மா உங்களை அனுப்புனது?"

"ரேடியோ ரிப்பேர் பாயிங்க."

டாக்டர் நம்பவில்லை. மறு வாரம் கடைக்கே வந்து அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தார். தன் கையிலும் ஒட்டிக் கேட்டார். "நான் காப்பியைக் கொறைக்கணும் போலிருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். இந்த வருடம் போட்டி வேண்டாம், ஓட்டமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மெட்ராஸுக்கு வேறு ஒரு பெண் போனாள். அன்று டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தாராம். உடம்புக்காக இல்லை.

விஷயம் தெரிந்ததும் சுபேதார் பஸ் ஏறிப் பாப்பாரப்பட்டிக்குப் போனார். டீச்சர் வீட்டு வாசலில் நின்று, "எல்லாரு முன்னாடியும் பயம்னு சொன்னேன்மா. எல்லாரு முன்னாடியும் தப்புன்னு சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன்" என்றாராம். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

6. மெட்ராஸ்

எட்டு மாதம் கழித்து டீச்சர் கிளப்புக்கு வந்தார். கன்னம் பழையபடி நிறைந்திருந்தது. கையை நீட்டினார். நான் இயர்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டேன். "கூ" என்று ஒரே இழை. இயர்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். அவர் துப்பாக்கியை இறக்காமல் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் சுபேதார்தான், "கை வலிக்கப் போவுது, எறக்குமா" என்றார்.

அதற்கடுத்த தேர்வுக்கு டீச்சர் மெட்ராஸ் போனார். தேர்வாகவில்லை. கடைசிச் சுற்றில் ஒரே ஒரு குண்டு வெளியே போய்விட்டது. வருத்தமாக இருப்பார் என்று நினைத்தேன். கடைக்கு வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த ஒரு குண்டை நானேதான் கெடுத்தேன் பாய். அவசரப்பட்டு விரலை வெடுக்குனு இழுத்துட்டேன். என் தப்புதான்! அடுத்த தடவை திருத்திக்கிறேன்."

தன் தப்பைத் தன் தப்பு என்று சொல்வதில் ஒருவருக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கருவி ஆட்டத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணம் தெரிய செட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பத்துப் பேர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும், எதிரே இருக்கும் மனிதரிடம் உட்கார்ந்து பேசவும் வேண்டும். நான் முதல் இரண்டையும் என் தொழிலில் கற்றேன். மூன்றாவதை அன்று நூர்ஜஹான்தான் செய்தாள்.