குதிகாலை வெட்ட விடாத பயணம்

காலை ஆறரை மணி. மருதமுனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். பதினெட்டு மைல், எழுபது சதம். மூட்டைக்கென்று மேலும் பதினைந்து சதம் பிடுங்கினான் கொண்டக்டர். மூட்டையை விட்டுவிட்டு எங்கே போவது? நெசவுச் சாறன் லுங்கிகளைத் தலையில் சுமந்து கோமாரி வரை விற்பதுதான் என் பிழைப்பு. ஏழு மாதமாக வலக் குதிகால் அதில் மண்ணை அள்ளிப் போடுகிறது. விடிந்து முதல் அடி வைத்தால் உயிரே போகும். மட்டக்களப்பு டாக்குத்தர், "எலும்பு வளந்திருக்கு. ஒரு மாசத்தில குறையாட்டி வெட்டுவம்" என்றார். வெட்டினால் மூன்று மாதம் காலூன்றக் கூடாதாம். அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? மற்ற எல்லா வைத்தியத்தையும் பார்க்காமல் கத்திக்குக் காலை நீட்டமாட்டேன். சுட்ட செங்கல்லில் எருக்கிலை போட்டு மிதித்தாயிற்று. டயர்ச் செருப்பும் போட்டாயிற்று. இனி அக்கரைப்பற்றை அடுத்த ஆலையடிவேம்பில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரி.

ஏழு மணிக்குச் சாய்ந்தமருதில் ஏறிய மீன் வியாபாரி, நான் நொண்டி நகர்ந்ததைக் கண்டு விசாரித்தார். டாக்குத்தர் சொன்னதைச் சொன்னேன்.

"வெட்டிப் போட்டுட்டு நிம்மதியா இரிங்க காக்கா" என்று அண்ணன் முறை கொண்டாடினார்.

"ஒங்கட காலா தம்பி?" என்றேன். அவர் மீன் கூடையை என் காலுக்கு எட்டாமல் இழுத்து வைத்துக்கொண்டார்.

எட்டரை மணி. கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் தண்ணீர் வந்ததிலிருந்து பரிசாரிக்குப் பாதி நாள் வயலில்தான். சேற்றுக் காலோடு வந்து, என் குதிகாலைப் பெருவிரலால் அழுத்தினார். "யா அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

"தொழக்குள்ள எப்படி இருப்பீங்க?"

"வாங்குப் பலகையிலதான். நோவு தொடங்கின நாள்ல இரிந்து பொஞ்சாதி போட்டுத் தாறா."

"உங்கட ஆக்கள் வயல்ல தொழுறதைப் பாத்திருக்கன். வலக்கால் விரலை மடிச்சு ஊண்டி, குதிகாலை நிமித்தித்தானே இருப்பாங்க? அதை ஏன் விட்டீங்க?"

"நோகும் எண்டுதான்."

"நோவுக்குப் பயந்து காலைத் தாலாட்டியிருக்கீங்க. உள்ளங்கால் நரம்பு இறுகிப் போச்சு. எண்ணெய் தாறன், ஒத்தடமும் குடுங்க. ஆனா அந்த வாங்கைத் தூக்கி வைங்க. மெல்ல மெல்ல அப்படியே இருந்து பழகுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு சைவர் என் தொழுகையைத் திருத்துவதா? ஆனால் அவர் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது?

பகல் பன்னிரண்டே முக்கால். அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலில் லுகர் தொழுகை. விரல்களை மடித்து ஊன்றி அமர்ந்தேன். கண்ணீர் தாடியில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவர் என் பக்தியைக் கண்டு உருகிப்போனார். நான் மனத்துக்குள் குதிகாலைத் திட்டிக்கொண்டிருந்தேன்; அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் அப்படியே இருந்து பழகினேன். டாக்குத்தர் சொன்ன ஒரு மாதத் தவணை முடிந்த அன்று மட்டக்களப்புக்கு இருபத்து மூன்று மைல் பஸ்ஸில் போனேன். டாக்குத்தர் அழுத்திப் பார்த்தார்.

"நோகுதா?"

"நோகுது. ஆனா விடியச் சுவரைப் பிடிக்காம எழும்புறன்."

எழும்பி நடந்து காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை. இன்னும் மூணு மாசம் பாப்பம்."

மறுநாளே மூட்டையோடு கோமாரி மணலில் இறங்கினேன். நூறு அடிக்குள் குதிகால் முனகத் தொடங்கியது. கிடந்து முனகட்டும். பன்னிரண்டு சாறன் விற்றுவிட்டுத்தான் திரும்பினேன்.